வெரிசிமிலிட்யூட்: இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன? (ஒரு கொலுசுக் கதையோடு)

மலைக்காத்து

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் பிறந்து, இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஒரு சிறுகதைப் போட்டிக்குக் கதை அனுப்பியிருந்தேன். பரிசு கிடைக்கவில்லை, அது போகட்டும். திரும்பி வந்த பிரதியின் கடைசிப் பக்கத்தில், கொலுசு கிடைக்கிற இடத்துக்கு நேராக, நடுவர் பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தார்: "வெரிசிமிலிட்யூட் போதாது."

அகராதியைப் புரட்டினால் "உண்மை போலத் தோன்றும் தன்மை" என்று இருக்கிறது. இங்கேதான் எனக்குக் கோபம். அந்தக் கொலுசு விஷயம் உண்மை போல அல்ல, உண்மையாகவே நடந்தது. அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் எடுக்கப் போனபோது ஒரு கால் கொலுசு எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. பதினோரு வருடம் கழித்து, செடியைச் சுற்றி மண் கொத்திக்கொண்டிருந்த ஒருவர் அதை எடுத்துக்கொண்டுவந்து வீட்டில் கொடுத்தார். நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்தது.

நடந்ததைப் போய் நடந்தது போல இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? சொல்லின் பிறப்பு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழில் இதற்கு நல்ல சொல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்

அக்கா, அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கின மாதிரி இருக்கிறது நாக்குக்கு. "நம்புற மாதிரி இல்லை" என்று எழுதினால் நடுவருக்குக் கௌரவக் குறைச்சலா?

பாதிச் சாமியார்

மூன்று வருடம் குருமடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். அங்கே கற்ற லத்தீனுக்கு இதுவரை ஒரு பைசா பிரயோசனம் இருந்ததில்லை. இன்றைக்கு வாய்ப்பு வந்திருக்கிறது, விடமாட்டேன்.

லத்தீனில் 'வேருஸ்' என்றால் மெய்யான. 'வேரும்' என்றால் மெய். 'சிமிலிஸ்' என்றால் போன்ற, ஒத்த. 'வேரி சிமிலிஸ்' என்று இரண்டு சொல்லாக எழுதினால் "மெய்யை ஒத்தது". நம் 'மை' விகுதி போல அவர்களுக்கு 'டூடோ' என்று ஒன்று உண்டு. அதைச் சேர்த்ததும் 'வேரிசிமிலிடூடோ' ஆனது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் சொந்தச் சரக்கை வைத்து 'வ்ரேசாம்ப்ளான்ஸ்' என்று இன்னொன்றும் செய்துகொண்டார்கள், அதுவும் அதே பொருள்தான்.

உறவுக்காரர்களைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. நாம் நாளுக்கு நூறு முறை சொல்லும் 'வெரி குட்' இருக்கிறதே, அந்த வெரியும் இதே வேருஸிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்ததுதான். முதலில் அதற்கு 'உண்மையான' என்றுதான் பொருள், 'மிகவும்' என்பது பிறகு வந்தது. வெரிஃபை, வெர்டிக்ட் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். சிமிலிஸ் பக்கத்தில் சிமிலர், சிமுலேஷன், அப்புறம் 'ஃபாக் சிமிலே', அதாவது "அதே போலச் செய்". அந்த ஃபாக்சிமிலியைத்தான் வெட்டிச் சுருக்கி ஃபேக்ஸ் என்றோம்.

ஜெர்மன்காரர்கள் இன்னொரு படி போனார்கள். நிகழ்தகவுக்கு அவர்கள் சொல் 'வார்ஷைன்லிஷ்கைட்'. வார் என்றால் மெய், ஷைன் என்றால் தோற்றம். மழை வருமா வராதா என்று கணக்குப் போடுவதும் மெய் போலத் தோன்றுவதும் அங்கே ஒரே சொல். உங்கள் நடுவர் ஜெர்மன்காரராக இருந்திருந்தால் "இது நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு" என்று கேட்டிருப்பார்.

முக்கியமான விஷயம்: சொல்லின் எடை முழுவதும் சிமிலிஸ் மேல் நிற்கிறது, வேருஸ் மேல் அல்ல. நடந்ததா என்ற கேள்விக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் சாட்சி சொன்னீர்கள், அவர் சாட்சி கேட்கவே இல்லை.

மலைக்காத்து

நன்றி அண்ணா, லத்தீன் வீண்போகவில்லை. ஆனால் கடைசிப் பத்தி கொஞ்சம் வலித்தது.

செந்தமிழ்வேல்

இதற்கெல்லாம் லத்தீன் எதற்கு? 'நம்பகத்தன்மை' என்று அழகான சொல் இருக்கிறது. இல்லையென்றால் 'உண்மைத்தன்மை'. இழையை மூடலாம்.

கடைசி பெஞ்ச்

உண்மைத்தன்மை என்பது ஆதார் அட்டை நகலில் "உண்மைத்தன்மை சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை குத்துவார்களே, அது இல்லையா? கதைக்கு அதை எப்படி வைப்பது? வங்கி மேலாளரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கவா?

பாதிச் சாமியார்

நம்பகத்தன்மையும் ஒட்டாது. அது ஆளைப் பற்றியது, செய்தியைப் பற்றியது. இந்த டாக்சிக்காரர் நம்பகமானவர் என்போம். பேய்க்கதையில் வரும் பேய்க்கு நம்பகத்தன்மை எதற்கு? ஆனால் நல்ல பேய்க்கதைக்கு வெரிசிமிலிட்யூட் கட்டாயம் வேண்டும்.

பழைய சாக்பீஸ்

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஓமலூர்ப் பக்கம். மெதுவாகத்தான் தட்டச்சு செய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லைத் தேடி லத்தீனுக்குப் போகவேண்டாம் என்று வேல் தம்பி சொன்னது சரி. ஆனால் அவர் எடுத்த சொல் சரியில்லை. அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கையை எடுங்கள். நறுந்தொகை என்றும் சொல்வோம், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நூல்.

பொய்யுடை ஒருவன் சொல்வன் மையினால்
மெய்போ லும்மே மெய்போ லும்மே
மெய்யுடை ஒருவன் சொலமாட் டாமையால்
பொய்போ லும்மே பொய்போ லும்மே

மலைக்காத்து அம்மா, உங்கள் கதையில் நடந்தது மூன்றாவது, நான்காவது அடிகள். உங்களிடம் மெய் இருந்தது. சொல்ல மாட்டாமையால் பொய்போலும் ஆகிவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, பாண்டியரே அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உலகம் இப்படி இருக்கிறது என்கிறார், அவ்வளவுதான். அதை இரண்டிரண்டு முறை சொல்கிறார் பாருங்கள், எனக்கு அதில் ஒரு பெருமூச்சு கேட்கும்.

ஆக, "மெய்போலும்" என்பது கையில் இருக்கிறது. அதிலிருந்து 'மெய்போலுமை' என்று பண்புப்பெயர் செய்துகொள்ளலாம். சுருக்கமாக வேண்டுமானால் 'மெய்போன்மை'. லத்தீன்காரர் இரண்டு துண்டை ஒட்டியது போலவே ஒட்டியிருக்கிறது, ஆனால் அவரைப் பார்த்துச் செய்தது இல்லை.

இன்னொன்று. நமக்கு உண்மை, வாய்மை, மெய்ம்மை என்று மூன்று இருக்கின்றன. உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, மெய்க்கு மெய்ம்மை என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். நினைவில் நிற்க வசதி. உண்மை என்பது உள் என்ற வேரிலிருந்து வருவது, உளதாகும் தன்மை என்று பொருள். இருக்கிறது என்பதுதான் உண்மை. மெய் என்பதற்கோ உடம்பு என்றும் பொருள் உண்டு. அதனால்தான் உணர்ச்சி உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. கதைக்கு வேண்டியது இந்த மெய். உங்கள் கொலுசுக்கு உண்மை இருந்தது, உடம்பு இருந்ததா என்று பார்க்கவேண்டும்.

செந்தமிழ்வேல்

ஐயா, வணக்கம். பாட்டு அருமை, மறுக்கவில்லை. ஆனால் 'போல்' வேர் வந்தாலே போலி நினைவுக்கு வருகிறதே? போலி மருத்துவர், போலிச் சான்றிதழ். நல்ல கதையைப் பாராட்ட 'மெய்போன்மை' என்றால் படிப்பவர் "என்னைப் போலி என்கிறாரா" என்று சண்டைக்கு வருவார்.

பழைய சாக்பீஸ்

தம்பி, போலி என்ன பாவம் செய்தது? இலக்கணத்தில் போலி திட்டு அல்ல. அறம், அறன் என்று கடைசி எழுத்து மாறினாலும் பொருள் மாறாவிட்டால் கடைப்போலி. அமச்சு, அமைச்சு என்று நடுவில் மாறினால் இடைப்போலி. இல்முன் என்பது முன்றில் என்று திரும்பி நிற்பது இலக்கணப்போலி. முன்றில் என்ற சொல்லை யாராவது கள்ளச் சரக்கு என்கிறார்களா?

மணிமேகலையில் பௌத்த அளவை வாதம், அதாவது தர்க்கம், வரும் 29ஆம் காதையில் ஏதுப்போலி, பக்கப்போலி என்றெல்லாம் வரும். ஏது என்றால் காரணம். பார்த்தால் காரணம் போல இருக்கும், ஆராய்ந்தால் காரணமாக நிற்காது. வடமொழியில் அதை ஹேத்வாபாசம் என்பார்கள், ஹேது கூட்டல் ஆபாசம். ஆமாம், அதே ஆபாசம்தான்! வடமொழியில் ஆபாசம் என்றால் தோற்றம், போலித் தோற்றம். தமிழுக்கு வந்து அது சினிமா சுவரொட்டியில் போய் ஒட்டிக்கொண்டது. சொற்களுக்கும் வாழ்வு தாழ்வு உண்டு.

கடைசி பெஞ்ச்

ஐயா, என் வாழ்க்கையில் ஆபாசம் என்ற சொல்லைத் தமிழாசிரியர் ஒருவர் இவ்வளவு சாவகாசமாக விளக்கிக் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

என் ஓட்டு 'தத்ரூப'த்துக்கு. ஏற்காட்டுக் கோடை விழாவில் பூவை வைத்து யானை, மயில் எல்லாம் செய்து வைப்பார்கள் இல்லையா, ஜனம் முழுக்க "தத்ரூபமா இருக்கு" என்றுதான் சொல்கிறது.

பாதிச் சாமியார்

தத்ரூபம் நல்ல சொல்தான், தத் கூட்டல் ரூபம், "அதனுடைய உருவம்". ஆனால் அது கண்ணுக்கு. ஓவியம், சிலை, பூ யானை. கதையில் ஒருத்தி ஏன் அப்படி முடிவெடுத்தாள் என்பது நம்பும்படி இருந்தால் தத்ரூபம் என்று சொல்வோமா? வெரிசிமிலிட்யூட் அதற்கும் வரும்.

கிச்சிப்பாளையம்காரி

எங்கள் வீட்டில் பாட்டி "நெசமாட்டமே இருக்குது" என்பார். பூவாட்டம், கிளியாட்டம், அவங்கப்பனாட்டம். அந்த 'ஆட்டம்' இருக்கும்போது மை, டூடோ எல்லாம் எதற்கு? நெசமாட்டம். பெயர்ச்சொல்லாகவே நிற்கிறது பாருங்கள். நடுவர் "நெசமாட்டம் போதாது" என்று எழுதியிருந்தால் அக்காவுக்குக் கோபமே வந்திருக்காது.

பாட்டி இன்னொன்றும் சொல்வார்: பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். எங்கள் மாமா ராத்திரி தாமதமாக வந்து கதை விடும்போதெல்லாம்.

பழைய சாக்பீஸ்

'நெசமாட்டம்'. எழுதி வைத்துக்கொண்டேன் அம்மா. மெய்போன்மை கட்டுரைக்கு, இது வாய்க்கு.

கூத்துமேளம்

நீங்கள் எல்லோரும் மெய் போல இருக்கவேண்டும் என்று முடிவுகட்டிவிட்டுப் பேசுகிறீர்கள். எடப்பாடிப் பக்கம் ஒரு ராத்திரி கூத்துப் பார்க்க வாருங்கள். துரியோதனன் உட்காரும் சிம்மாசனம் ஒரு மரப் பெஞ்சு. புஜக்கட்டையும் கிரீடமும் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டினது. திரைக்குப் பின்னால் நின்று "நான் இன்னார் வருகிறேன்" என்று தானே பாடிக்கொண்டு ராஜா வருவார். எந்த ஊர் ராஜா அப்படி வருவான்? நடுவில் கட்டியக்காரன், அதாவது கூத்தின் கோமாளி, ராஜாவை நிறுத்திவைத்துவிட்டு ஊர் ரோடு சரியில்லை என்று பேசுவான். திரௌபதியாக நிற்பவர் ஆண். எல்லோருக்கும் தெரியும், காலையில் அவரோடு டீ குடித்தவர்கள்தான் முன்வரிசையில்.

விடியப்போகிற நேரத்தில் துகிலுரிதல். துச்சாதனன் வேடக்காரர் புடவையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுக்கொள்வார். அந்த நேரத்தில் கூட்டத்தைப் பாருங்கள். கிழவிகள் அழுவார்கள், சிலருக்குச் சாமி வரும். இதில் எங்கே இருக்கிறது உங்கள் நெசமாட்டம்?

பழைய சாக்பீஸ்

நல்ல கேள்வி. தொல்காப்பியம் அகத்திணையியலில் "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்" என்று வருகிறது. உலகத்தில் நடக்கிறபடி சொல்வது ஒன்று, நாடகத்துக்கென்று வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று. இரண்டும் கலந்துதான் பாட்டு. பரத முனிவரும் லோகதர்மி, நாட்டியதர்மி என்று இரண்டு சொல்கிறார். கூத்து நாடக வழக்கில் நிற்கிறது. பார்ப்பவரும் அந்த வழக்கத்துக்கு உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார். அந்த உலகத்துக்கு அது பொருந்துகிறது. திரௌபதி திடீரென்று கைப்பேசியை எடுத்துக் கிருஷ்ணனைக் கூப்பிட்டால் பொருந்தாது.

கூத்துமேளம்

கட்டியக்காரன் எடுத்தால் பொருந்தும், ஐயா. எடுத்துமிருக்கிறான்.

ரீல்பெட்டி

இதில் நானும் வரவேண்டும். என் தாத்தா ஏற்காடு ரோட்டில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸில் செட் தச்சு வேலை பார்த்தவர். இன்றைக்கு அங்கே நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938இல் அந்தக் கம்பெனி எடுத்ததுதான் என்று சொன்னால் பக்கத்துத் தெருப் பிள்ளைகளே நம்ப மாட்டேன் என்கிறார்கள். பாண்டியர் சொன்ன 'பொய்போலும்மே' எனக்கும் பழக்கம்.

1940இல் டி.ஆர்.சுந்தரம் அங்கே எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில்தான் தமிழில் முதன்முதலாக ஒருவரே இரட்டை வேடம், பி.யு.சின்னப்பா. அந்தக் காலத்தில் இதற்குக் கம்ப்யூட்டரா இருந்தது? இரட்டை வேடம் எடுக்கிற பழைய முறை எளிமையானது. லென்ஸில் பாதியைக் கறுப்பாக மறைத்து இந்தப் பக்கம் ஒரு தடவை எடுப்பது. பிறகு அதே ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து அந்தப் பக்கம் ஒரு தடவை. நடுக்கோட்டில் கதவு நிலையோ தூணோ வைத்துவிட்டால் ஒட்டு தெரியாது. கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் தூண் இரண்டாகத் தெரியும். அண்ணன் தம்பி இருவரும் உண்மையாக இருப்பது தூணின் கையில்!

தாத்தா சொன்னது இன்னொன்று. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளை வேட்டியை அப்படியே எடுத்தால் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் குத்தும், மடிப்பே தெரியாது. அதனால் துணியை டீத் தண்ணீரில் முக்கி எடுத்து மங்கலாக்குவார்களாம். திரையில் அது பளிச்சென்ற வெள்ளை. நிஜ வெள்ளை வெள்ளையாகத் தெரியாது, அழுக்கு வெள்ளைதான் வெள்ளையாகத் தெரியும். மலைக்காத்து அக்கா, உங்கள் கொலுசை டீயில் முக்கினீர்களா?

பாதிச் சாமியார்

ரீல்பெட்டி சொன்னதைத்தான் அரிஸ்டாட்டில் கவிதையியலில் வேறு விதமாகச் சொல்கிறார். நடக்க முடியாதது ஆனால் நம்பும்படி இருப்பது, நடக்கக்கூடியது ஆனால் நம்ப முடியாதது, இந்த இரண்டில் கவிஞன் முதலாவதையே எடுக்கவேண்டும் என்கிறார். வரலாறு நடந்ததைச் சொல்லும், கவிதை நடக்கக்கூடியதைச் சொல்லும் என்பதும் அவர்தான்.

தத்துவத்தில் கார்ல் பாப்பர் 1960களில் இதே சொல்லை எடுத்து வேறு வேலைக்கு விட்டார். இரண்டு அறிவியல் கோட்பாடுகளும் தவறாக இருக்கலாம், ஆனால் எது உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று அளக்கலாம் என்றார். 1974இல் பாவெல் டிக்கி, டேவிட் மில்லர் என்ற இருவரும் தனித்தனியாக அவர் தந்த வரையறை நிற்காது என்று காட்டிவிட்டார்கள். இரண்டு தவறான கோட்பாடுகளில் ஒன்று மற்றதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது என்று அந்த வரையறையை வைத்துச் சொல்லவே முடியாதாம்! அது வேறு இழைக்கான விஷயம், விடுகிறேன்.

உரைகல்

வணக்கமுங்க. சிவதாபுரத்தில் வெள்ளிப் பட்டறை. கொலுசு என்று பார்த்ததும் உள்ளே வந்தேன், மேலே பேசியதில் பாதி புரியவில்லை. அம்மணி, கொலுசு கிடைக்கும் அந்தப் பத்தியை மட்டும் இங்கே போட முடியுமா?

மலைக்காத்து

போடுகிறேன், சிரிக்காதீர்கள்.

"மண்வெட்டியின் நுனியில் ஏதோ பளிச்சிட்டது. அவர் குனிந்து எடுத்தார். பதினோரு வருட மண்ணுக்குள்ளிருந்து அந்தக் கொலுசு நிலவைப் போல மின்னியது. அசைத்தார். கலகலவென்று சிரித்தது. மேலே காப்பிப் பூக்கள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன."

உரைகல்

சிரிக்கவில்லைங்க. ஆனால் நடுவர் எங்கே முகம் சுளித்தார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளி மண்ணுக்குள் பதினோரு வருடம் இருந்தால் மின்னாது. பீரோவில் துணியில் சுற்றி வைத்ததே ஒரு வருடத்தில் கறுக்கிறது. காற்றில், மண்ணில் இருக்கிற கந்தகம் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும், கறுப்பாகப் படியும். கொலுசு சுத்த வெள்ளியும் கிடையாது, செம்பு கலந்திருக்கும். டச், அதாவது வெள்ளியின் சுத்தம், குறைந்த கொலுசாக இருந்தால் செம்பு தன் குணத்தைக் காட்டும், பற்றவைத்த இடத்திலெல்லாம் பச்சை பூத்திருக்கும். திருகாணி இறுகிப்போய்த் திறக்கவே வராது.

சலங்கை சிரிக்காதுங்க. அதன் வாய்க் கீறலுக்குள் மண் புகுந்து இறுகியிருக்கும். உள்ளே இருக்கிற குண்டு உருளவே இடம் இருக்காது. ஆட்டினால் ஊமை. ஊசியால் ஒவ்வொன்றாக மண்ணைக் குத்தி எடுத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் அப்புறம் ஒன்றிரண்டு சத்தம் கொடுக்கலாம்.

உண்மையில் எப்படி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா?

மலைக்காத்து

இருக்கிறது. கறுப்பாகத்தான் இருந்தது. அவர் அதை முதலில் வேலிக் கம்பித் துண்டு என்று நினைத்துத் தூரப் போட்டாராம். பிறகு சலங்கை மாதிரி ஏதோ உருண்டையாகத் தெரிந்ததால் போய் எடுத்துவந்தார். சட்டைப் பையில் போடாமல் பீடிக்கட்டுக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். காகிதத்தில் கறை.

நான்தான் அழகாக இருக்கட்டும் என்று மின்ன வைத்தேன். பூவும் பொய். அது டிசம்பர், பழம் எடுக்கும் நேரம். எங்கள் மலையில் காப்பி பூப்பது கோடை மழை ஒன்று விழுந்த பிறகு, மார்ச் ஏப்ரலில். நாலைந்து நாள்தான், மல்லிகை மாதிரி வாசம், அப்புறம் வாடி உதிர்ந்துவிடும். எனக்குத் தெரியாமலா இருக்கிறது? காப்பித் தோட்டத்துக்குள் வளர்ந்தவள் எழுதுகிற எழுத்தா இது!

ரீல்பெட்டி

டீயில் முக்காததுதான் பிரச்சினை என்று நான் அப்போதே சொன்னேன்.

பழைய சாக்பீஸ்

வேலிக் கம்பி என்று தூரப் போட்டது. அம்மா, கதை அங்கேயே இருக்கிறது. பதினோரு வருடம் கழித்துக் கிடைத்தது என்பதை நம்ப நான் தயார், அந்தக் கம்பியை மட்டும் கொடுங்கள்.

செந்தமிழ்வேல்

நானும் மெய்போன்மைக்கு மாறிவிட்டேன். பீடிக்கட்டுக் காகிதம்தான் மாற்றியது, வாதம் அல்ல.

மலைக்காத்து

மூன்று நாள் கழித்து வருகிறேன். உரைகல் அண்ணா பார்க்கட்டும் என்று அம்மாவின் பெட்டியிலிருந்து கொலுசு இரண்டையும் எடுத்துப் படம் போட்டிருக்கிறேன். இடது பக்கம் இருப்பது தொலையாதது. வலது பக்கம் மண்ணிலிருந்து வந்தது, அன்றைக்கே அப்பா தேய்த்துக் கழுவினார், அப்படியும் கறுப்பு முழுசாகப் போகவில்லை. கதையைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு ஏதாவது விட்டிருந்தால் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உரைகல்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டறையில் தம்பியையும் கூப்பிட்டுக் காட்டினேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை அம்மணி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இது ஜோடி இல்லைங்க. இடது கொலுசில் இரண்டு கண்ணிக்கு ஒரு சலங்கை. வலதில் மூன்று கண்ணிக்கு ஒன்று. இடது கண்ணி வட்டம், வலது கொஞ்சம் இலை மாதிரி நீண்டிருக்கிறது. கறுப்பில் தெரிந்திருக்காது. ஆனால் ஒரே கையில், ஒரே நாளில் செய்த வேலை இல்லை இது.

கடைசி பெஞ்ச்

அடக் கடவுளே.

மலைக்காத்து

அரை மணி நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணா சொன்னது சரி. எண்ணிப் பார்த்துவிட்டேன். அப்போதுதான் தோன்றியது, அது கிடைத்த பிறகு அம்மா இரண்டையும் சேர்த்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. "இனி எதுக்கு, பத்திரமா இருக்கட்டும்" என்று பெட்டியில் வைத்துவிட்டார்.

அம்மாவிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "கையில வாங்கினப்பவே தெரியும் சாமி. அந்த மனுசன் வேலைய விட்டுட்டு அவ்வளவு தூரம் நடந்து வந்து நிக்கிறாரு. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். என்னுதில்லைன்னு எப்படிச் சொல்றது? உங்கப்பாவும் வேற அழுதுட்டாரு."

கிச்சிப்பாளையம்காரி

அக்கா, அப்போ அந்தக் கொலுசு யாருடையது?